முதல் மேசை அக்காவுக்கு, காற்று வந்த வழி பற்றி

பணி நிறைவு பெறும் எங்கள் அக்கா அவர்களுக்கு,

பிரிந்து கிடந்த குழாய்களைப் பிணைத்துப் பிணைத்தே பெயர் பெற்றவரே, முதல் மேசையின் மூத்தவரே, தங்க நிறத்தை விட வைக்கோல் நிறமே உசத்தி என்று எங்களை நம்பவைத்தவரே, எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருசேர உரியவரே, இந்தப் பணிமனையில் இருக்கும் அத்தனை பேரும் எழுந்து நின்று உங்களை வணங்குகிறோம்.

விழாவுக்கு வர நீங்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டீர்கள். "வரேன். ஆனா வெல்டிங் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. நல்ல மனுஷி, நேரத்துக்கு வந்தா, நேரத்துக்குப் போனான்னு சொல்லி முடிச்சிடுங்க" என்று ஃபோர்மேனிடம் சொன்னீர்கள். அவரும் தலையாட்டினார். அதன்படியே ஒரு மடல் எழுதினோம். அதில் உங்கள் பொறுமை இருந்தது, புன்னகை இருந்தது, பண்டிகை நாளில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிவரும் பழக்கம்கூட இருந்தது. வெல்டிங் மட்டும் இல்லை. படித்துப் பார்த்தால், தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த யாரோ ஓர் அம்மாவுக்கு எழுதியது போல் இருந்தது.

நேற்று இரவு அதைக் கிழித்துப் போட்டுவிட்டோம். ஏன் கிழித்தோம் என்று சொல்லத்தான் இந்த மடல். கொடுத்த வாக்கை மீறுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள். பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளிடம், அம்மா கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளம்மா என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறோம்.

உங்கள் மகளுக்கும் உறவினர்களுக்கும் ஒரு விளக்கம். இங்கே நாங்கள் செய்யும் ஸ்டெயின்லெஸ் குழாய்களில் பால் ஓடும், மருந்து ஓடும். இணைத்த இடம் உள்ளே சொரசொரப்பாக இருந்தால் பால் அங்கே தங்கும், தங்கினால் கெடும். அதனால் இங்கே ஓர் இணைப்பு பிடித்துக்கொண்டால் மட்டும் போதாது, சுத்தமாகவும் இருக்க வேண்டும். சுத்தமாக இருக்கிறதா என்று அதன் நிறமே சொல்லிவிடும். கொதிக்கும் உலோகத்தைக் காற்று தொடாதபடி வெல்டிங் டார்ச்சிலிருந்து வரும் ஆர்கான் வாயு மூடிக் காக்கிறது. காவல் சரியாக இருந்தால் இணைப்பின் மேல் வெளிர் வைக்கோல் நிறம் நிற்கும். கொஞ்சம் காற்று புகுந்தால் ஊதா, இன்னும் புகுந்தால் நீலம், காவலே இல்லாவிட்டால் சாம்பல். சூடு மிஞ்சினாலும் இதே கதிதான்.

அந்த வைக்கோல் நிறத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கூரையின் கீழ் விளைவித்தவர் நீங்கள். உங்களுக்கு "வைக்கோலக்கா" என்று பெயர் வந்ததும் அதனால்தான். வெளியிலிருந்து வந்த லாரிக்காரர் ஒருவர் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, "இந்தம்மா மாட்டுத் தீவனமும் விக்கிறாங்களா?" என்று விசாரித்தார். நீங்கள் ஹெல்மெட்டைத் தூக்காமலே, "உனக்கு எவ்வளவு வேணும்?" என்று கேட்டீர்கள்.

குழாயின் முனையை அசிட்டோனில் துடைத்து, அது போதாதென்று இணைப்பில் உருக்கிச் சேர்க்கும் நிரப்புக் கம்பியையும் துடைத்து, துடைத்த துணியைப் பார்த்து, அதில் கறை தெரிந்தால் மறுபடி துடைத்து, உங்கள் கண்ணுக்குத் திருப்தியான பிறகே டார்ச்சைக் கையில் எடுப்பீர்கள். ஸ்டெயின்லெஸ்ஸுக்கென்று வைத்திருந்த கம்பித் தூரிகையைச் சிவப்புத் துணியில் சுற்றிப் பூட்டிவைப்பீர்கள். இரண்டாம் மேசைக்காரர் ஒருமுறை அதை எடுத்துச் சாதாரண இரும்பைத் தேய்த்துவிட்டார். "உன் பல் விளக்குற பிரஷ்ஷை எடுத்து நான் செருப்பு துடைக்கட்டுமா?" என்று கேட்டீர்கள். அன்றிலிருந்து அந்தப் பூட்டை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நிரப்புக் கம்பியின் நுனியை வாயுவின் குடைக்குள்ளிருந்து ஒரு கணம்கூட வெளியே இழுக்க மாட்டீர்கள். சுடர் அணைந்ததும் நாங்கள் கையை எடுத்துவிடுவோம். நீங்கள் எடுக்க மாட்டீர்கள். சிவப்பு அடங்கும் வரை வாயு ஓடட்டும் என்று டார்ச்சை அங்கேயே பிடித்துக்கொண்டிருப்பீர்கள். தூங்கும் குழந்தையின் மேலிருந்து கையை எடுப்பது போல மெதுவாகத்தான் எடுப்பீர்கள்.

இனி நாங்கள் சொல்லப் போவது உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி.

அவர் எங்கள் குழாய் பொருத்துநர். அவர் பொருத்திய முனைகளுக்கு நடுவே மயிரிழை நுழையாது. குழாயின் வாய்களைக் காகித டேப்பால் அடைத்து, உள்ளே வாயு நிரப்பி, "ம்" என்பார். நீங்கள் ஹெல்மெட்டை இறக்குவீர்கள். உடனே அவர் நாலு எட்டு நடந்து, கிடங்குக்குப் போகும் குறுகலான வழியில், கதவில்லாத அந்த நிலையில் சாய்ந்து நின்றுகொள்வார். நீளக் குழாய்களை உள்ளே கொண்டுவர இடைஞ்சலாக இருக்கிறதென்று அந்தக் கதவை எப்போதோ கழற்றிவிட்டார்கள். அகலமான உடம்பு அவருக்கு. அவர் நின்றால் கிடங்குக்குப் போகிறவர்கள், "அண்ணே, கொஞ்சம் வழி" என்று கேட்டுத்தான் போக வேண்டும். அதனால் அவருக்குக் "கதவண்ணன்" என்று பெயர் வைத்தோம். கதவண்ணன் நின்றால் வழி மூடல், போனால் வழி திறப்பு.

அவரும் சும்மா இருக்க மாட்டார். "என்னை அண்ணன்னு கூப்பிட்டா அவளை அண்ணின்னு கூப்பிடுங்க. அவளை அக்கான்னு கூப்பிட்டா என்னை மாமான்னு கூப்பிடுங்க. ரெண்டு பேரையும் கூடப்பிறந்தவங்களா ஆக்கி எங்க குடும்பத்தைக் கெடுக்காதீங்க" என்பார். நாங்கள் முறையை மாற்றிக்கொள்ளவே இல்லை.

நீங்கள் வெல்டிங் செய்யும் நேரம் முழுக்க அவர் அங்கேயே நிற்பதைப் பார்த்து, பெண்டாட்டி மேலிருந்து கண்ணை எடுக்காத மனுஷன் என்று கேலி செய்தோம். உங்களுக்கு அது பிடிக்காது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே திட்டுவீர்கள். "நீங்க அங்க நின்னா எனக்குக் கையே ஓடல. போய் வேற வேலை இருந்தா பாருங்க." அவர், "நான் என்ன உன்னையா பாக்குறேன்? குழாயைப் பாக்குறேன்" என்பார். ஆனால் நகர மாட்டார். அடுத்த இணைப்புக்கு வேண்டிய டேப் துண்டுகளைக் கிழித்து, நிலையின் ஓரத்தில் வரிசையாக ஒட்டிவைத்துக்கொண்டே நிற்பார்.

போன ஆண்டு மழைக்காலத்தில் ஒரு காலை, வீட்டில் டீ டம்ளரைக் கீழே வைத்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. நிலையின் ஓரத்தில் அவர் கடைசியாக ஒட்டிவைத்த டேப் துண்டுகளை நாங்கள் யாரும் எடுக்கவில்லை. எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து நீங்கள் வேலைக்குத் திரும்பினீர்கள். இரண்டாம் மேசையின் பொருத்துநர் உங்களுக்கும் குழாய்களைப் பொருத்திக் கொடுத்துவிட்டு, தன் மேசைக்குப் போய்விடுவார். முதல் நாளே உங்கள் இணைப்பில் நீலம் வந்தது. அடுத்து வந்தது சாம்பல் கலந்த நீலம். தரம் பார்க்கும் சார் கோபித்திருந்தால்கூட நீங்கள் தாங்கியிருப்பீர்கள். அவர் குரலைத் தாழ்த்தி, "அக்கா, இதைக் கொஞ்சம் சுத்தம் பண்ணக் குடுத்துடலாமா?" என்று கேட்டார். அந்த மரியாதைதான் உங்களை அதிகம் சுட்டது என்று பிறகு கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

நீங்கள் எதையும் விட்டுவைக்கவில்லை. வாயு உருளையை மாற்றினீர்கள், குழலை மாற்றினீர்கள், டங்ஸ்டன் ஊசியைப் புதிதாகத் தீட்டினீர்கள், டார்ச் முனைக்கு அகலமான செராமிக் மூடி போட்டுப் பார்த்தீர்கள், கரன்ட்டைக் குறைத்துப் பார்த்தீர்கள். வாசல் ஷட்டரை இறக்கிவிட்டும் பார்த்தீர்கள். கடைசியில் எங்களைக் கூப்பிட்டீர்கள். நாங்கள் எல்லோரும் வந்து, மேசைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று, அந்தக் குறுகலான வழியில் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்தபடி நின்றோம். நீங்கள் செய்தீர்கள். அருமையான வைக்கோல் நிறம் வந்தது. கைதட்டிவிட்டுக் கலைந்தோம். நாங்கள் போன பிறகு நீங்கள் செய்த அடுத்த இணைப்பு மறுபடி நீலம்.

இன்னொரு நாள் இரண்டாம் மேசைக்காரரை உங்கள் மேசையில் உட்காரவைத்துப் பார்த்தோம். அன்றும் நாங்கள் அதே இடத்தில்தான் கூட்டமாக நின்றோம். அவருக்கும் நல்ல நிறம் வந்தது. "பாத்தீங்களா, மேசை நல்லாத்தான் இருக்கு. மெஷினும் நல்லாத்தான் இருக்கு" என்றீர்கள்.  அப்படியானால் கோளாறு எதில் என்று கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

அந்த வாரமே நீங்கள் ஹெல்மெட்டை இரண்டாம் மேசைக்காரரிடம் கொடுத்தீர்கள். "கூட நாலு பேர் நின்னா வருது. தனியா விட்டா வரல. அவர் இருந்தப்போ இருந்த கை, அவரோடயே போயிடுச்சு" என்றீர்கள். நீங்களாகவே கேட்டு, உள்ளே இருக்கும் ஆசிட் அறைக்குப் போனீர்கள். பிறர் செய்த இணைப்புகளில் படிந்த நிறத்தைத் தேய்த்துப் போக்கும் வேலையை ஏற்றுக்கொண்டீர்கள். இந்த ஓர் ஆண்டும் அங்கேதான் இருந்தீர்கள். சாப்பாட்டு நேரத்தில்கூட முதல் மேசைப் பக்கம் வருவதில்லை. உங்கள் மேசையில் வேறு யாரும் உட்காரவும் இல்லை. நிறமிழந்த முகத்தோடு நிறத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். அதைத் தினமும் பார்த்துக்கொண்டு நாங்களும் வேலை செய்தோம்.

இப்போது நேற்று நடந்ததற்கு வருகிறோம்.

இந்த விழாவுக்காகச் சுவருக்கும் நிலைக்கும் பெயின்ட் அடிக்க ஆள் வந்திருந்தார். நீங்கள் விடுப்பில், மகள் வீட்டுக்குக் குடிபோகச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். ஏணி போட்டு நிலையின் மேல் பக்கத்தை அடித்துக்கொண்டிருந்த பெயின்டர், "இந்த டேப்பையெல்லாம் சுரண்டிடவா?" என்று கேட்டார்.

ஸ்டோர் தங்கச்சி ஓடிவந்தாள். "கை வெச்சீங்கன்னா தெரியும். அது எங்க அண்ணன் ஒட்டினது."

"ஒட்டினவரு வந்து எடுப்பாரா?"

"வர மாட்டார். அதனாலதான் வேணாங்கிறேன்."

பெயின்டர் இறங்கி, ஏணியையும் நகர்த்திவைத்துவிட்டு, வேறு டப்பா எடுக்கப் போனார். டேப் துண்டுகளில் ஒன்று காய்ந்து, பிசின் விட்டு, மேல் நுனியில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. அவர் நகர்ந்ததும் அது மெல்ல எழும்பி, உங்கள் மேசையை நோக்கிச் சாய்ந்து, அப்படியே நடுங்கியபடி நின்றது. அவர் திரும்பி வந்து வழியில் நின்றதும் தொப்பென்று நேராகத் தொங்கியது. தங்கச்சி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, கொஞ்சம் வெளிய வாங்க."

வந்தார். டேப் எழும்பியது.

"இப்போ உள்ள போய் நில்லுங்க."

நின்றார். டேப் இறங்கியது.

"என்னம்மா, என்னை வெச்சு விளையாடுறீங்களா? பெயின்ட் காயுது" என்றார் அவர்.

தங்கச்சி ஃபோர்மேனைக் கூப்பிட்டாள்.

அக்கா, ஆசிட் அறையில் புகையை வெளியே தள்ளப் பெரிய ஃபேன் ஒன்று நாள் முழுக்க ஓடுகிறதே, அது கிடங்குப் பக்கத்துக் காற்றை அந்தக் கதவில்லாத வழியாக இழுத்து, உங்கள் மேசையின் மேலாக ஓடவிட்டு, வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. தோல் சட்டையும் கையுறையும் ஹெல்மெட்டும் போட்டவருக்கு அது தெரியாது. எங்கள் சட்டைக்கே தெரியவில்லை. ஆனால் ஆர்கானுக்குத் தெரியும். அதன் குடையைக் கலைக்க அந்தக் காற்று போதும். இரண்டாம் மேசை தடுப்புச் சுவருக்குப் பின்னால் இருப்பதால் தப்பித்தது.

கேட்டதும் இரண்டாம் மேசைக்காரர் உங்கள் மேசையில் போய் உட்கார்ந்தார். "எல்லாரும் வெளிய போங்க. ஒருத்தரும் நிக்கக் கூடாது" என்றார். ஃபேன் ஓடியது, வழி காலி. அவர் கைக்கு வந்தது நீலம். ஆசிட் வாளிகளை மூடிவிட்டு ஃபேனை நிறுத்தினோம். அதே கை, அதே மேசை, அதே உருளை. வைக்கோல் நிறம் வந்தது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார், உங்கள் ஹெல்மெட்தான் அது. "ஒரு வருஷம் அக்காவை அந்த ஃபேனுக்கு அடியிலயே உக்கார வெச்சிருந்தோமே" என்று மட்டும் சொன்னார்.

கூட்டம் நின்றால் நல்ல நிறம் வந்ததற்கும், தனியே விட்டால் வராததற்கும் காரணம் உங்கள் மனசு இல்லை. நாங்கள் அத்தனை முறையும் காற்றின் வழியை அடைத்துக்கொண்டு நின்று, காற்றைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் தங்கச்சிக்குப் பழைய பேச்சு ஒன்று நினைவுக்கு வந்தது. கதவைக் கழற்றிய புதிதில் உங்கள் இணைப்புகளில் சில நாள் நீலம் வந்ததாம். என்ன கோளாறு என்று பார்க்க உங்கள் வீட்டுக்காரர் அந்த நிலையில் வந்து சாய்ந்தாராம், சரியாகிவிட்டதாம். பிற்பாடு ஒருநாள் வழி கேட்டுச் சலித்துப்போன தங்கச்சி, "ஏண்ணே, அக்கா என்ன ஓடியா போயிடப் போறாங்க? தினம் காவல் நிக்கிறீங்களே" என்று கேட்டிருக்கிறாள். அதற்கு அவர் சொன்னது இது: "நான் இங்க நின்னா அவளுக்கு நல்லா வருது. போனா வரல. ஏன்னு எனக்கும் தெரியல. சொன்னா சிரிப்பா. நின்னுட்டுப் போறேன், எனக்கென்ன?"

அதை அன்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்ததாகத் தங்கச்சி சொன்னாள். நேற்று சொல்லும்போது அவளால் முடிக்க முடியவில்லை.

அக்கா, அவரோடு போனது உங்கள் கை இல்லை. ஒரு கதவுதான் போனது. கை ஓடவில்லை என்று நீங்கள் விரட்டிய அந்த மனிதர், கை ஓட வேண்டும் என்றுதான் திட்டு வாங்கிக்கொண்டு அத்தனை ஆண்டும் அங்கே நின்றார். இதைச் சொல்லி உங்களை அழவைக்கிறோமோ என்று நேற்று மாலை வெகுநேரம் யோசித்தோம். சொல்லாமல் விட்டால், வெறுங்கையோடு போகிறோம் என்ற எண்ணத்தோடு நீங்கள் உங்கள் மகள் வீட்டு வாசலில் போய் இறங்குவீர்கள். அதைவிட அழுவது மேல் என்று முடிவு செய்தோம்.

போன ஆண்டை எங்களால் திருப்பித் தர முடியாது. இன்றோடு உங்கள் பணிக்காலம் முடிகிறது. நாளை முதல் அந்த மேசையில் வேறொருவர் உட்காருவார். அடுத்த வாரம் தச்சர் வந்து அந்த நிலைக்குக் கதவு போடுகிறார். ஒரு மனிதர் அத்தனை ஆண்டுகள் சாய்ந்து நின்று செய்த வேலையை இனி ஒரு பலகை செய்யும். பலகை டேப் கிழித்துத் தராது, முறை தப்பாகக் கூப்பிட்டால் சண்டைக்கு வராது, திட்டினால் சிரிக்காது. பெயின்டரிடம் சொல்லி, அந்த டேப் துண்டுகளையும் அவர் தோள் பட்டுத் தேய்ந்த இடத்தையும் விட்டுவிட்டு அடிக்கச் சொல்லியிருக்கிறோம். அங்கே மட்டும் பழைய மரம் தெரியும். பார்க்கிறவர்கள் பெயின்ட் தீர்ந்துபோனதாக நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

பொன்னாடையும் மாலையும் போட்டாயிற்று. ஆனால் உங்களுக்கான எங்கள் பரிசு முதல் மேசையில் இருக்கிறது. இரண்டாம் மேசைக்காரர் நேற்றுச் செய்த இரண்டு இணைப்புகளையும் அருகருகே வைத்திருக்கிறோம், நீலம் ஒன்று, வைக்கோல் ஒன்று. இரண்டையும் எடுத்துப் பாருங்கள். அவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடிக் குழாய், துடைத்து, பொருத்தி, வாய் அடைத்து, உள்ளே வாயு நிரப்பத் தயாராக இருக்கிறது. உங்கள் ஹெல்மெட் பழைய ஆணியில் மாட்டியிருக்கிறது. சிவப்புத் துணி அவிழ்க்கப்படாமல் அப்படியே இருக்கிறது, சாவி உங்களிடம்தான். ஃபேனை நிறுத்திவிட்டோம். நாங்கள் யாரும் உங்களோடு வர மாட்டோம். இங்கேயே, இந்த நாற்காலிகளிலேயே உட்கார்ந்திருப்போம். அந்த வழியில் யாரும் நிற்க மாட்டார்கள். என்ன நிறம் வந்தது என்று கேட்கவும் மாட்டோம். செய்ய மனமில்லையென்றால் செய்ய வேண்டாம். அந்த ஜோடி அப்படியே உங்களுக்காக இருக்கட்டும்.

சுடர் அணைந்த பிறகும் டார்ச்சை எடுக்காமல் பிடித்திருப்பீர்களே, உங்களைப் பார்த்து நாங்கள் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். இன்றோடு உங்கள் வேலை நின்றாலும் நாங்கள் கையை எடுக்கப் போவதில்லை. உங்கள் முழங்கால் வலி குறையட்டும். கண் தெளிவாக இருக்கட்டும். பேரப்பிள்ளைகளின் சத்தத்தில் வீடு நிறையட்டும். சாய்ந்து நிற்க ஆளில்லாத வாசல்களை இனி நீங்கள் நிறையப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த நேரங்களில் உங்கள் கையை நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அது எப்போதும் நன்றாகத்தான் இருந்தது. நல்ல உடம்போடும் நல்ல உறக்கத்தோடும் நெடுங்காலம் நீங்கள் இருக்க வேண்டும் என்று ஒரே குரலில் வேண்டுகிறோம்.

இந்த மடலின் அடியில், கையெழுத்துகளுக்குக் கீழே, முத்திரை வைக்க வேண்டிய இடத்தில் ஒட்டியிருப்பது அந்தக் காகித டேப் துண்டு. நிலையிலிருந்து நாங்கள் எடுத்தது அது ஒன்றைத்தான். தொங்கிக்கொண்டிருந்த அந்த ஒன்றை. மடலோடு சேர்த்துக் கண்ணாடிக்குள் வைத்துச் சட்டம் போட்டுவிட்டோம். இனி அதைக் காற்று அசைக்காது.

இப்படிக்கு,
உங்கள் கைக்கு என்றும் கடன்பட்டிருக்கும்
இரண்டாம் மேசை, கிடங்கு, ஆசிட் அறை மற்றும் தரப் பிரிவு ஊழியர்கள்